கல் எந்தப் பக்கம் சாய்கிறது? டெல்லி வளைவுகளின் கணக்கு

குதுப் மினாருக்குப் போகிறவர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். பக்கத்தில் நிற்கும் பெரிய வளைவைப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். அந்த வளைவில் கல்லும் கல்லும் சேரும் கோடுகளை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். அடி முதல் நுனி வரை எல்லாமே தரைக்கு இணையாகப் படுக்கை வசத்தில் ஓடும். சற்றுத் தள்ளியிருக்கும் அலாய் தர்வாசா வாசலில் அதே கோடுகள் விசிறி மடிப்பைப் போல உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். முதலாவது 1199-ல் எழுந்தது, இரண்டாவது 1311-ல். இந்த 112 ஆண்டுகளில் டெல்லிக் கட்டடங்களில் நடந்த மிகப் பெரிய மாற்றம் அந்தச் சாய்வுதான்.

முதல் வளைவு குவ்வத்-உல்-இஸ்லாம் பள்ளிவாசலின் முகப்புச் சுவரில் இருக்கிறது. நடு வளைவு மட்டும் சுமார் 16 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட 6.7 மீட்டர் அகலம். கூரான வளைவு வேண்டும் என்றது குதுபுத்தீன் ஐபக்கின் ஆட்சி. செய்து கொடுத்தவர்கள் தூண், உத்தரம் வைத்துக் கட்டிப் பழகிய உள்ளூர்ச் சிற்பிகள். தங்களுக்குத் தெரிந்த வழியில் செய்தார்கள்: ஒவ்வொரு வரிசைக் கல்லையும் கீழ் வரிசையைவிடச் சற்று வெளியே நீட்டிக்கொண்டே போய், இரு பக்கமும் உச்சியில் சேரும்படி அடுக்கிவிட்டு, விளிம்பை வளைவாகச் செதுக்கினார்கள். தமிழில் கோயில் கட்டடக் கலை பற்றி எழுதுகிறவர்கள் கதலிகாகரணம் என்று சொல்வது இந்த முறையைத்தான். பார்வைக்கு வளைவு, வேலை செய்வதென்னவோ உத்தரத்தைப் போல.

இந்த அடுக்குமுறைக்கு ஓர் எல்லை உண்டு. ஒரே அளவுள்ள கற்களைப் பின்பக்கம் எந்தப் பாரமும் வைக்காமல் மேசை விளிம்பில் நீட்டி அடுக்கினால், மேல் கல் பாதி நீளம் நீளலாம். அடுத்தது கால் பங்கு, அதற்கடுத்தது ஆறில் ஒரு பங்கு, பிறகு எட்டில் ஒரு பங்கு. நான்கு கல் அடுக்கினால்தான் மொத்த நீட்டம் ஒரு கல் நீளத்தைத் தாண்டுகிறது, அதுவும் மயிரிழையில். அதனால் நீட்டிய ஒவ்வொரு கல்லின் வாலிலும் கனமான சுவரை ஏற்றி அமுக்கியாக வேண்டும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வெளியே நீண்ட கல் வளையப் பார்க்கும்போது அதன் மேல்முகம் இழுபடும். கல் அழுத்தத்தை நன்றாகவே தாங்கும். இழுப்பைத் தாங்கும் வலிமையோ அதில் பத்தில் ஒரு பங்கோ, அதற்கும் குறைவோதான். விரிசல் அங்கேதான் பிறக்கும். இல்துத்மிஷின் கல்லறை (1235) இன்று கூரையின்றி வானம் பார்த்து நிற்கிறது. அதன் மூலைகளில் மிஞ்சியிருக்கும் வளைவுகளும் இப்படி நீட்டி அடுக்கியவையே.

சாய்ந்த கோடுள்ள வளைவு வேறு இனம். அதன் கற்கள் ஆப்பு வடிவத்தில், மேலே அகன்று கீழே குறுகியிருக்கும். விழ முயலும் ஒவ்வொரு கல்லும் இரு பக்கத்துக் கற்களுக்கு இடையே இன்னும் இறுகுகிறது. இழுப்பே கிடையாது, முழுக்க அழுத்தம்தான். டெல்லி சுல்தான்களின் கட்டடங்களில் எஞ்சியிருப்பவற்றுள் இத்தகைய வளைவு முதலில் தென்படுவது மெஹ்ரோலியில் உள்ள பால்பனின் கல்லறையில், 1287 வாக்கில். இதைக் கொண்டு, அதுவரை இந்தியாவுக்கு இந்த நுட்பமே தெரியாது என்று சொல்வது தவறு. குப்தர் காலத்துப் பிதார்காவ் செங்கல் கோயிலிலேயே உண்மையான வளைவுகள் உள்ளன. தெரியாமல் இருந்ததில்லை, பெரிய கட்டடங்களுக்குப் பழக்கமாகவில்லை, அவ்வளவே.

இறுகும் வளைவுக்கு ஒரு விலை உண்டு: அது பக்கவாட்டில் உதைக்கும். 4 மீட்டர் அகல வளைவின் மேல் மீட்டருக்கு 2 டன் பாரம் பரவியிருப்பதாக வைத்துக்கொள்வோம். வளைவின் உயர்வு 1 மீட்டர் என்றால் ஒவ்வொரு பக்கச் சுவரையும் அது 4 டன் விசையோடு வெளியே தள்ளும். உயர்வு 2 மீட்டர் என்றால் 2 டன்தான். அகலத்தின் வர்க்கத்தைப் பாரத்தால் பெருக்கி, உயர்வின் எட்டு மடங்கால் வகுத்தால் விடை கிடைத்துவிடும். கூரான வளைவு உயர்ந்து நிற்பதால் குறைவாக உதைக்கும். டெல்லியில் கூர்வளைவு நிலைத்ததற்கு அழகைத் தவிர இந்தக் காரணமும் உண்டு.

கட்டும் முறையும் மாறிவிட்டது. அடுக்கு வளைவைக் கட்டும்போது ஒவ்வொரு வரிசையும் ஓரளவு தானாக நிற்கும். ஆப்பு வளைவோ உச்சிக்கல் பொருந்தும் வரை நிற்காது. முதலில் மரத்தில் சென்டரிங் அடிக்க வேண்டும். கற்களை இரு தோள்களிலிருந்தும் சமமாக ஏற்ற வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் சென்டரிங் மறுபக்கம் சாயும். கடைசியில் உச்சிக்கல். பிறகு காத்திருப்பு. சுண்ணாம்புக் காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் கல்லாக மாறும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். பொடித்த செங்கல்லான சுர்க்கியைச் சேர்த்தால் ஈரத்திலும் இறுகும், வேகமும் கூடும். அவசரப்பட்டுச் சென்டரிங்கைப் பிரித்தால் இளங்காரை நசுங்கி உச்சி இறங்கும். உச்சியின் அடிப்பக்கத்தில் ஒரு வாய் திறக்கும், தோள்களின் மேல்பக்கத்தில் இரண்டு. பழைய வளைவு எதிலாவது இந்த மூன்று விரிசல்களையும் சேர்த்துப் பார்த்தால், தாங்கும் சுவர்கள் விலகியிருக்கின்றன என்று பொருள். நான்காவது திறந்தால் வளைவு விழும்.

அலாவுத்தீன் கில்ஜியின் அலாய் தர்வாசா இந்த நுட்பத்தைக் குவிமாடத்துக்கும் கொண்டுபோனது. உள்ளே சுமார் 10.5 மீட்டர் சதுர அறை, சுவர் கனம் 3.4 மீட்டர். சதுரத்தின் மேல் வட்டம் உட்காராது என்பதால் நான்கு மூலைகளிலும் குறுக்கே வளைவு போட்டு அறையை எண்கோணமாக்கினார்கள். கணக்குப்படி எண்கோணத்தின் ஒரு பக்கம் ஏறத்தாழ 4.3 மீட்டர், அந்த அகலத்துக்கு ஒவ்வொரு மூலையிலும் ஒன்றுக்குள் ஒன்றாக வளைவுகள். உள்ளே நின்று மூலையைப் பார்த்தால் அவை அடுக்கடுக்காக முன்னேறி வருவது தெரியும். எனக்கு டெல்லியிலேயே மிகவும் பிடித்த இடம் அந்த மூலைதான்.

சுவர் ஏன் அவ்வளவு கனம்? அரைக்கோளக் குவிமாடத்தில் உச்சியிலிருந்து சுமார் 52 பாகை வரை, வளையம் வளையமாகப் பார்த்தால், கற்கள் ஒன்றையொன்று நெருக்கும். அதற்குக் கீழே வளையங்கள் விரிய முயலும், அதாவது இழுப்பு. ஆரஞ்சுச் சுளைகள் பிரிவதுபோல அடியிலிருந்து மேல்நோக்கி விரிசல் ஓடுவது இதனால்தான். கனச்சுவர் அந்த விரிவை அணைத்துப் பிடிக்கிறது.

துக்ளக்குகள் வேறு வழி கண்டார்கள். கியாசுத்தீன் துக்ளக்கின் கல்லறைச் (1325) சுவர்கள் செங்குத்தாக இல்லை; சுமார் 75 பாகையில் உள்நோக்கிச் சாய்கின்றன. உதையும் எடையும் சேர்ந்த விசை வெளியே சாய்ந்துதான் இறங்கும். சுவரின் அடி அகலமாக இருந்தால் அந்தக் கோடு சுவருக்குள்ளேயே தரையைத் தொட்டுவிடும். இவ்வளவு புரிந்த பிறகும் அங்கே வாசல் வளைவின் அடியில் குறுக்கே ஓர் உத்தரக் கல்லையும் வைத்தார்கள். வளைவே எல்லாவற்றையும் தாங்குகையில் அதற்கு அவ்வளவாக வேலையில்லை. கையில் ஊறிய பழக்கம் ஒரு தலைமுறையில் போகாது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சியை நான் பார்த்ததில்லை.

குதுப் மினாரும் பல கைகள் பட்டதுதான். 72.5 மீட்டர் கோபுரத்தின் கீழ் மூன்று அடுக்குகள் செம்மணற்கல். மேல் இரண்டில் சலவைக்கல் கலந்திருப்பது, இடிவிழுந்து சேதமான பிறகு ஃபிரோஸ் ஷா துக்ளக் செய்த திருத்தம். மின்னல் பாயும்போது கல்லுக்குள் இருக்கும் ஈரம் நொடியில் ஆவியாகி வெடிக்கும். 1803 நிலநடுக்கத்தில் உச்சி மீண்டும் சேதமானது. ராபர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1828-ல் அங்கே ஒரு மண்டபம் வைத்தார். பொருந்தவில்லை என்று 1848-ல் அதை இறக்கிவிட்டார்கள். இப்போது புல்வெளியில் இருக்கிறது.

முகலாயர் காலத்தில் சிக்கல் உயரத்துக்கு மாறியது. ஹுமாயூன் கல்லறையின் குவிமாடம் 42.5 மீட்டர் உயரம். தூரத்திலிருந்து பார்க்க அந்த உயரம் வேண்டும்; ஆனால் உள்ளே நிற்பவருக்குக் கூரை கிணறு போலத் தெரியும். அதற்காக ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு குவிமாட ஓடுகள்: அறைக்கு ஏற்ற தாழ்வான உள் ஓடு, வானத்துக்கு ஏற்ற வெளி ஓடு, நடுவே வெற்றிடம். நடுவில் கல்லால் நிரப்பாததால் எடையும் மிச்சம், உதையும் மிச்சம். லோதிகள் காலத்திலேயே, சிக்கந்தர் லோதியின் கல்லறையில், இந்த யோசனை டெல்லிக்கு வந்திருந்தது.

ஹுமாயூன் கல்லறைக்குப் பின்னாளில் தீங்கு செய்தது சிமென்ட். 20-ஆம் நூற்றாண்டில் கூரை ஒழுகும்போதெல்லாம் அதன் மேல் சிமென்ட் கான்கிரீட் ஏற்றினார்கள். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. உள்ளே போன நீர் காரைக்குள் தங்கி, உப்பைக் கரைத்து, கல்லின் முகத்தை உரிக்கும். கூடுதல் எடையும் வளைவுகளின் மேல் இறங்கும். 2007-க்குப் பிறகு நடந்த சீரமைப்பில் அந்தக் கூரையிலிருந்து 10 லட்சம் கிலோவுக்கு மேல் கான்கிரீட்டைக் கையாலேயே பெயர்த்து இறக்கிவிட்டு, மறுபடியும் சுண்ணாம்பு போட்டார்கள். சுண்ணாம்பில் மயிரிழை விரிசல் விழுந்தாலும், மழைநீர் அதில் கொஞ்சத்தைக் கரைத்து எடுத்துப்போய் விரிசலுக்குள்ளேயே படியவிடும். நாளடைவில் அந்தக் கீறல் தானாக அடைபடும்.