சோக்: காற்றை அடைப்பதா, பெட்ரோலைக் கூட்டுவதா?

பழைய மோட்டார் சைக்கிள் காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடித்தால், பக்கத்தில் நிற்பவர் முதலில் கேட்பது "சோக் போட்டாச்சா?" என்பதுதான். சோக் போட்டால் பெட்ரோல் கூடுதலாக வரும் என்பது வண்டி ஓட்டும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பெயரில் பெட்ரோல் இல்லை. அது காற்றைப் பற்றிய சொல்.

ஆங்கிலத்தில் சோக் என்றால் மூச்சை அடைப்பது, கழுத்தை நெரிப்பது. தாடையைக் குறித்த ஒரு பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. ஆக்சிலரேட்டரோடு இணைந்த 'திராட்டில்' என்ற சொல்லும் இதே குடும்பம் போலத்தான்: தொண்டை என்ற சொல்லிலிருந்து பிறந்து, அதுவும் நெரிப்பதையே குறிக்கிறது. டியூப்லைட்டில் இருக்கும் சோக்குக்கும் பெயர் இப்படித்தான் வந்தது. அங்கே அடைபடுவது காற்று அல்ல, மின்னோட்டம்.

சரி, காற்றை அடைத்தால் பெட்ரோல் எப்படிக் கூடும்? பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. பாதி துளியாகவே நின்று, உள்ளிழுக்கும் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். திரவம் எரியாது, ஆவிதான் எரியும். அதனால் தேவையான ஆவி கிடைக்க, கணக்குக்கு மேல் பெட்ரோல் அனுப்ப வேண்டியிருக்கிறது. காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரின் காற்று வாயை ஒரு தகட்டால் மூடிவிட்டுக் கிக்கரை உதைத்தால், பிஸ்டன் இழுக்கும் இழுப்பு முழுவதும் ஜெட்டின் மேல், அதாவது பெட்ரோல் வரும் சிறு துளையின் மேல் விழும். காற்று குறைந்து, பெட்ரோல் கூடி, கலவை செறிவாகும். இதுதான் பெயருக்குப் பொருத்தமான சோக்.

பிற்காலத்து மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில், குறிப்பாக மிக்குனி என்ற ஜப்பானிய நிறுவனத்தின் வகைக் கார்புரேட்டர்களில், அந்தத் தகடே கிடையாது. சோக் லீவரைத் தூக்கினால் பிளஞ்சர் என்ற ஒரு சிறு தண்டு மேலே எழும்பி, தனியாக இருக்கும் ஒரு பெட்ரோல் வழியைத் திறந்துவிடும். எதுவும் அடைபடுவதில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

இந்த வேறுபாடு தெரியாததால் நன்றாக இருக்கும் வண்டியைக்கூடப் பலர் மணிக்கணக்கில் உதைக்கிறார்கள். பிளஞ்சர் வகை வேலை செய்ய, ஆக்சிலரேட்டர் மூடியிருக்க வேண்டும். அப்போதுதான் ஸ்லைடுக்கு (ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது மேலே ஏறிக் காற்று வழியைத் திறக்கும் உறுப்பு) பின்னால் இழுப்பு உண்டாகி, அந்தத் தனி வழியில் பெட்ரோல் ஏறும். சோக்கைப் போட்டுவிட்டு ஆக்சிலரேட்டரையும் முறுக்கினால் இழுப்பு போய்விடும், சோக் போட்டும் போடாதது போலத்தான்.

பழுது கண்டுபிடிக்க சோக்கைவிட எளிய கருவி இல்லை என்பது என் கருத்து. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஆக்சிலரேட்டரை முறுக்காமல் ஐடிலில் ஓடும்போது சோக்கைப் போட்டுப் பாருங்கள். சரியான கலவையில் ஓடும் எஞ்சின் திணறும், நின்றுபோகும். மாறாக ஓட்டம் சீரானால், கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம்: ஐடிலுக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட் அடைத்திருக்கலாம், அல்லது கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையில் காற்று கசியலாம். எந்த மாற்றமும் இல்லாவிட்டால் சோக்கின் பெட்ரோல் வழி அடைபட்டிருக்கிறதா, கேபிள் உண்மையில் இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சோக்கை எடுத்த பிறகும் அதன் பெட்ரோல் வழி முழுதாக மூடாமல் இருப்பது இன்னொரு தொல்லை. பிளஞ்சரின் அடியில் உள்ள ரப்பர் தேய்ந்தாலோ, கேபிளில் கொஞ்சமும் தளர்வு இல்லாவிட்டாலோ பெட்ரோல் கசிந்துகொண்டே இருக்கும். பிளக் கரி பிடித்துக் கறுக்கும், சூடானதும் ஐடில் நிற்காது. இதைக் கவனிக்காமல் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகி டியூன் செய்தால் இன்னொரு கோளாறுதான் சேரும். முதலில் பிளஞ்சரைக் கழற்றிப் பாருங்கள்.

பழைய பிரிட்டிஷ் கையேடுகளில் குழப்பம் இன்னும் கூடும். அவற்றில் சோக் என்பது பெரும்பாலும் கார்புரேட்டரின் உட்துளையையே குறிக்கும். அமால் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கான்சென்ட்ரிக் 930 கார்புரேட்டர் என்றால் அதன் சோக் 30 மில்லிமீட்டர். குளிர் ஸ்டார்ட்டுக்கான உறுப்பை அங்கே ஏர் ஸ்லைடு என்பார்கள். சில கையேடுகளில் 'ஸ்ட்ராங்லர்' என்றும் வரும், கழுத்தை நெரிப்பவன் என்று பொருள். சோக் அளவைப் பார்த்துவிட்டு லீவரைத் தேட வேண்டாம்.

தமிழில் என்ன சொல்வது? இயற்பியல் பாடத்தில் மின் சோக்கை அடைச்சுருள் என்கிறோம். அதே வேரிலிருந்து, தகடு உள்ள வகைக்குக் காற்றடைப்பி என்பது பொருந்தும். பிளஞ்சர் வகையை அப்படி அழைத்தால் தவறான படம் மனதில் பதியும், அதற்குச் செறிவூட்டி என்பதே சரி. உட்துளையைக் குறிக்கும் இடத்தில் தொண்டை என்றால் போதும், தொண்டை அளவு 30 மில்லிமீட்டர் என்று எழுதினால் யாரும் தடுமாறமாட்டார்கள். பட்டறைப் பேச்சில் சோக் என்றே இருக்கட்டும். பழுது பார்க்கும் குறிப்பு எழுதுபவர்கள் மட்டும் எந்த வகை என்று பிரித்துச் சொல்வது நல்லது.

பழைய அமால்களில் மிதவை அறை (பெட்ரோல் தேங்கி நிற்கும் அறை) மேல் இருக்கும் டிக்ளர் என்ற சிறு பொத்தானையும் சிலர் சோக் என்கிறார்கள். அது மிதவையை அமுக்கிப் பெட்ரோல் மட்டத்தை உயர்த்துவது மட்டுமே, காற்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை. மிதவை அமுக்கி என்று சொல்லலாம். பெட்ரோல் வெளியே கசியத் தொடங்கியதும் விரலை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் அமுக்கினால் பிளக் நனைந்துவிடும். அப்படி நனைந்துவிட்டால் பெட்ரோல் டேப்பை மூடி, சோக்கை எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறந்துவைத்துச் சில முறை உதையுங்கள்.