ரெட்டை றோலர் பிளைண்ட்ஸ் போட்ட வீட்டுக்காரர் செயினை ஒருக்காப் பாருங்கோ

பரந்தன் பக்கம் ஒரு வீட்டில பிளைண்ட்ஸ், அதுதான் யன்னலுக்குச் சுருட்டி இறக்கிற துணித் திரை, இறுகிப்போச்சு எண்டு கூப்பிட்டவை. போய்ப் பாத்தா யன்னலடியில செற்றி, அதுக்கு மேல திரையை ஏத்தி இறக்கிற ரெண்டு மணிச் செயினும் வளையமாத் தொங்குது. சின்னவன் செற்றியில ஏறி நிண்டு ஒண்டுக்குள்ள தலையை விட்டிட்டானாம், அம்மம்மா கண்டு தூக்கினபடியா தப்பினவன். கழுத்தில செயின் அழுத்தின இடம் மணி மணியாச் சிவந்து கிடந்தது. இப்பிடிச் செயின் தொங்குற வீடுகளைக் கண்டு கண்டு அலுத்துப்போய்த்தான் எழுதுறன்.

வன்னியில இப்ப புது வீடு கட்டுற கனபேர் கேக்கிறது இந்த ரெட்டை றோலர்தான். பகலுக்கு மெல்லிசுத் துணி, இரவுக்கு மொத்தத் துணி. நல்ல சாமான், கச்சான் அடிக்கிற காலத்தில பின்னேர வெயிலுக்கு உதவும் (மொத்தத் துணியின்ர வெளிப்பக்கம் வெள்ளையாப் பாத்து எடுங்கோ, கறுப்பெண்டா வெக்கை அறைக்குள்ளதான் இறங்கும்). ஆனா ரெண்டு துணி எண்டா பெரும்பாலும் ரெண்டு செயின். வரிவரியா வாற சீப்ரா பிளைண்ட்ஸுக்கு ஒண்டுதான், அதுவும் வளையம்தான்.

சொன்னா எல்லா வீட்டிலயும் ஒரே பதில், "நாங்கள் வீட்டிலதானே நிக்கிறம், பிள்ளை கத்தும்தானே." கத்தாது! கத்துறதுக்கு மூச்சு வெளிய வரோணும், கழுத்து இறுகினா மூச்சு எங்கால வாறது? அழாது, அம்மா எண்டு கூப்பிடாது, நீங்கள் குசினியில தேங்காய் துருவிக்கொண்டு நிப்பியள், ரீவி ஓடிக்கொண்டிருக்கும், பிள்ளை விளையாடுது எண்டு நினைப்பியள், ஒரு நிமிசத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். அமெரிக்காவில 5 வயசுக்குக் கீழ சராசரியா வருசத்துக்கு 9 பிள்ளையள் யன்னல் திரைக் கயிறுகளால சாகுதுகள் எண்டு அங்கத்தைய அரசாங்கப் பாதுகாப்பு ஆணையமே சொல்லுது. அங்க தாய் தேப்பன் பிள்ளையளைப் பாக்கிறேல்லையோ?

இன்னும் சிலர் செயினில முடிச்சுப் போட்டு வைப்பினம். முடிச்சுக்கு மேலயும் ஒரு வளையம் கிடக்கிறது தெரியேல்லையோ? சில செயினில பாரம் விழுந்தா கழண்டுபோற ஒரு சின்ன பிளாஸ்டிக் இணைப்பு இருக்கும். அது பிள்ளையைக் காப்பாத்தத்தான் கழலுது. அதைக் கட்டுக்கம்பியால இறுக்கிக் கட்டி வைச்சிருக்கிற வீடுகளும் கண்டிருக்கிறன்.

பெட்டிக்குள்ள ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டு வரும், ரெண்டு ஸ்குறூவோட. செயினின்ர அடியை அதுக்குள்ளால விட்டு, செயின் தொய்யாம நிக்கிறமாதிரிச் சுவரில பூட்டோணும், அப்பதான் தலை போற இடைவெளி இருக்காது. ஆனா விறைக்க இழுக்காதேங்கோ, றோலர் இறுகும். ட்ரில் பிடிக்கிற பஞ்சியில பூட்ட வாறவை அதை எறிஞ்சிட்டுப் போயிடுவினம். லண்டனில இருந்து சொந்தக்காரர் அனுப்பின சாமான் எண்டாலும் பாக்கெற்றுக்குள்ள தேடிப் பாருங்கோ, அது பூட்டாமக் காசு குடுக்காதேங்கோ. செயின்ர அடி நிலத்தில இருந்து 150 சென்ரிமீற்றருக்கு மேல நிக்கோணும் எண்டதுதான் ஐரோப்பாவில பாக்கிற கணக்கு, எங்கட வீட்டிலயும் அதைப் பாக்கலாம். புதுசா வாங்கிறவை, சின்னப் பிள்ளையள் இருந்தா செயினே இல்லாம கையால இழுத்து விடுற ஸ்பிரிங் வகையை எடுங்கோ, கொஞ்சம் விலை கூடத்தான், பறவாயில்லை.

வாடகை வீடு, துளை போட விடமாட்டினம் எண்டா, செயினை மடிச்சு பிள்ளைக்கு எட்டாத உயரத்தில கட்டிவிடுங்கோ. செற்றி, கட்டில், தொட்டில் எது யன்னலடியில கிடந்தாலும் இண்டைக்கே அங்கால இழுத்துப் போடுங்கோ, கெஞ்சிக் கேக்கிறன்.