செப்டம்பரில் போட வேண்டிய வரைபடம்

வடகிழக்குப் பருவமழை பற்றிய முதல் செய்தி டிவியில் வந்ததுமே குடியிருப்போர் நலச்சங்கங்களிலிருந்து எனக்கு போன் வரத் தொடங்கிவிடும். "சார், நம்ம ஏரியாவுக்கு ஒரு ஃப்ளட் மேப் போட்டுக் குடுக்க முடியுமா?" வரைபட வேலை செய்து பிழைப்பவன் என்பதால் கேட்கிறார்கள், தப்பில்லை. ஆனால் நவம்பரில் கேட்டால் என்னால் செய்ய முடிவது ரொம்பக் குறைவு. செப்டம்பரில் கேட்டால், சங்கத்து அறையில் ஒரு லேப்டாப்பும் ப்ரொஜெக்டரும் வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதி வேலையை முடித்துவிடலாம். மீதியைத் தெருத்தெருவாக நடந்து முடிக்க வேண்டும்.

"அதான் சாட்டிலைட் எல்லாத்தையும் காட்டுதே?" என்று யாராவது கேட்காமல் அந்தக் கூட்டம் முடியாது. காட்டத்தான் செய்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் நில உயரத் தகவலில் அதிகம் புழங்குவது எஸ்ஆர்டிஎம். 2000ஆம் ஆண்டில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் வைத்து அளந்தது. அதில் தரை சுமார் 30 மீட்டர் கட்டங்களாகப் பிரிந்திருக்கும், ஒரு கட்டத்துக்கு ஒரே உயரம்தான். உயரத்தில் சில மீட்டர் பிழை சர்வசாதாரணம். வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் இடங்களில் தரையோடு மொட்டைமாடியையும் சேர்த்து அளந்திருக்கும். சென்னையோ தட்டையான ஊர். இங்கே ஒரு தெருவில் தண்ணீர் ஏறுமா வடியுமா என்பதை அரை அடி உயரம் தீர்மானிக்கிறது. சில மீட்டர் பிழையுள்ள தகவலை வைத்துத் தெருவுக்குத் தெரு சிவப்பு, மஞ்சள், பச்சை பூசித் தருகிறவர்களை நம்பாதீர்கள். பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

சென்டினல்-1 போன்ற ரேடார் செயற்கைக்கோள்களுக்கு மேகம் ஒரு தடையில்லை. ஏரியும் சதுப்பு நிலமும் எவ்வளவு தூரம் பரவின என்பதை அவை தெளிவாகக் காட்டும். ஆனால் கட்டடங்களுக்கு நடுவே சந்துக்குள் நிற்கும் தண்ணீர் அவற்றுக்குச் சரியாகப் பிடிபடாது. சில நாட்களுக்கு ஒருமுறைதான் நம் தலைக்கு மேல் வரவும் செய்யும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் எவ்வளவு விரிந்தது என்று தெரிந்துகொள்ள அது போதும். அதன் ஓரத்தில் இருக்கும் நகரில் மூன்றாவது குறுக்குத் தெருவுக்குள் படகு போகுமா என்று தெரிந்துகொள்ளப் போதாது.

அது அந்தத் தெருக்காரர்களுக்குத்தான் தெரியும். வேளச்சேரிப் பக்கம் ஒரு சங்கக் கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து, "2015ல எங்க கேட் தாழ்ப்பாள் வரைக்கும் தண்ணி வந்துச்சு, 2023ல அதுக்கு ஒரு ஜாண் கீழ" என்றார். இரண்டு வெள்ளங்களின் உயரம், ஒரே இடத்தில், ஒரே வாக்கியத்தில். அடுத்த நாள் டேப்போடு போய் அந்தத் தாழ்ப்பாளின் உயரத்தை அளந்தோம். இதில் ஒரு விஷயம்: சாலையிலிருந்து அளக்காதீர்கள். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போட்டுப் போட்டு நம்மூர்ச் சாலைகள் ஏறிக்கொண்டே போகின்றன. வீட்டுத் தரைமட்டம் போல மாறாத ஒன்றிலிருந்து அளந்து குறித்தால்தான் பத்து வருடம் கழித்தும் அந்த எண்ணுக்கு அர்த்தம் இருக்கும்.

உயரத்தைப் போலவே தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதும் முக்கியம். கால்வாய் நிரம்பிவிட்டால் மழைநீர் வடிகால் வழியாகவே தண்ணீர் பின்னோக்கி ஏறும். சாலை காய்ந்திருக்கும்போதே எந்த வடிகால் மூடியில் முதலில் குமிழி விடுகிறது என்று தெருவில் யாராவது ஒருவர் கவனித்து வைத்திருப்பார். அந்த மூடியை வரைபடத்தில் குறித்துவிட்டால் அதுவே உங்கள் தெருவின் எச்சரிக்கை மணி. அப்புறம் இஸ்திரி வண்டிக்காரரையும் தண்ணி லாரி ஓட்டுபவரையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். எந்தத் தெருவில் பெரிய வண்டி திரும்பும், எந்த மதில் கதவு எப்போதும் பூட்டியே கிடக்கும் என்பது சங்கச் செயலாளரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்திய படங்கள் பரவியபோது சிரித்தவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கே மேடு என்பது அந்த மக்களுக்கு மனப்பாடம். அந்த மனப்பாடத்தை எல்லோரும் பார்க்கும்படி ஒரு திரையில் ஏற்றுவதுதான் இந்த வேலை முழுவதும்.

எதையெல்லாம் குறிப்பது? மேடான இடங்கள், நிவாரண மையமாகும் பள்ளிகள், தெருவோர மின் பெட்டிகள், டிரான்ஸ்ஃபார்மர், திறந்த வடிகால், தரைக்குக் கீழே பார்க்கிங் உள்ள அடுக்குமாடிகள், படகை இறக்க வசதியான சாலைச் சரிவு. சுரங்கப்பாதைகளை மறக்கவே கூடாது. துரைசாமி, கணேசபுரம் சுரங்கப்பாதைகளைப் பெருமழையில் மூடிவிடுவார்கள் என்று நமக்குத் தெரியும். வெளியூரிலிருந்து உதவிக்கு வருகிறவர் போனில் வழி பார்த்தால் அது நேரே அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தக்கூடும்.

எந்த டூல் என்பது கடைசியில் வர வேண்டிய கேள்வி, எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஜிமெயில் இருந்தால் கூகுள் மை மேப்ஸ் போதும், பத்து அடுக்குகள் வரை வைக்கலாம். எனக்குப் பிடித்தது யூமேப். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இலவச வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல் இயங்குவது, கணக்குகூட இல்லாமல் தொடங்கலாம், போட்டதையெல்லாம் கோப்பாக வெளியே எடுத்துக்கொள்ளலாம். வீடு வீடாகத் தகவல் சேர்க்கக் கோபோ டூல்பாக்ஸ். நெட் இல்லாவிட்டாலும் படிவத்தை நிரப்பலாம், சிக்னல் கிடைக்கும்போது அனுப்பிக்கொள்ளும். கென்யாவில் 2008இல் தேர்தல் கலவரத்தின்போது பிறந்த உஷாஹிடி, பலர் அனுப்பும் தகவலை வரைபடத்தில் ஏற்றும் பெரிய கருவி, வரும் தகவலைச் சரிபார்க்க ஒரு குழுவே உட்கார வேண்டும். ஒரு வார்டுக்கு அது அதிகம்.

முகவரி விஷயத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுங்கள். பழைய எண், புதிய எண் என்று ஒரே வீட்டுக்கு இரண்டு கதவெண், நகருக்கு நகர் ஒரு முதல் மெயின் ரோடு, ஏரியாவுக்கு ஏரியா ஒரு காந்தி தெரு. இரவில் படகில் வருகிறவருக்கு "பிள்ளையார் கோயில் பக்கத்துல" என்றால் எந்தப் பிள்ளையார் என்று புரியாது. ஒவ்வொரு வீட்டிலும் தங்கள் வீட்டின் அட்சரேகை, தீர்க்கரேகையை ஒரு காகிதத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டச் சொல்கிறேன். சென்னைக்குள் என்றால் முதல் எண் 13ஐ ஒட்டியும் இரண்டாவது 80இல் தொடங்கியும் இருக்கும். பதற்றத்தில் இரண்டையும் மாற்றிச் சொல்லிவிட்டால் இடம் ஆர்க்டிக் கடலில் போய் விழும். சிரிப்பாக இருந்தாலும் அடிக்கடி நடக்கிற விஷயம்.

சரி, மழை வந்துவிட்டது. இப்போது வரைபடத்தின் எதிரி பழைய தகவல். 2015 டிசம்பரில் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து, தண்ணீர் நிற்கும் சாலையை யார் வேண்டுமானாலும் கிளிக் செய்து நிறம் மாற்றும் ஒரு வரைபடம் வந்தது. அருமையான முயற்சி, பலருக்கு வழிகாட்டியது. அதே நாட்களில் வாட்ஸ்ஆப்பில் சுற்றிய உதவிக் கோரிக்கைகளின் கதை வேறு. ஆட்கள் மீட்கப்பட்ட பிறகும் அந்தச் செய்தி சுற்றிக்கொண்டே இருந்தது. இன்னும் யாரும் போய்ச் சேராத வீட்டுக்குப் போக வேண்டிய படகு, காலியான வீட்டைத் தேடிப் போகும். அதனால் ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று விவரம் கட்டாயம்: எத்தனை மணிக்கு, யார் நேரில் பார்த்தது, இப்போது என்ன நிலை. நேரம் இல்லாத புள்ளியை நான் ஏற்றவே மாட்டேன். ஆறு மணி நேரமாக யாரும் உறுதிப்படுத்தாத புள்ளி சாம்பல் நிறமாகிவிட வேண்டும்.

இந்தத் திருத்தும் வேலையை யார் செய்வது? இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறவர் செய்ய முடியாது. மிக்ஜாம் புயலின்போது தென்சென்னைப் பகுதிகள் பலவற்றில் நாள்கணக்கில் கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ இருக்கும் உங்கள் பிள்ளைகளில் இருவரை இப்போதே பிடித்து வையுங்கள். ஊரைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு சும்மா போனைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு அவர்களுக்கும் ஒரு வேலை. தெருவிலிருப்பவர் எப்படியாவது ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினால் அவர்கள் வரைபடத்தில் ஏற்றிவிடுவார்கள். மாநகராட்சியின் 1913க்கும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077க்கும் பேச வேண்டியதையும் அவர்களே பேசலாம். வெளியூரிலிருந்து 1077 அடித்தால் அவர்கள் இருக்கும் மாவட்டத்துக்குத்தான் போகும் என்பதால் சென்னை எஸ்டிடி கோடு 044 சேர்த்து அடித்துப் பார்த்து, சரியான எண்ணை முன்பே குறித்துக்கொள்ளட்டும். மாநகராட்சிக்கும் தீயணைப்புத் துறைக்கும் நம் வரைபடம் மாற்று அல்ல. அவர்களிடம் நாம் சொல்வது குழப்பமில்லாமல் இருக்க அது உதவும்.

நெட் இல்லாத நேரத்துக்கு ஆஸ்மேண்ட் அல்லது ஆர்கானிக் மேப்ஸ் ஆப்பில் தமிழ்நாட்டு வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். டேட்டா இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். கூடவே ஏ3 தாளில் நாலைந்து பிரிண்ட் எடுத்து லேமினேஷன் போட்டு, முதல் மாடிக்கு மேலே குடியிருப்பவர்களிடம் கொடுங்கள். தரைத்தளத்தில் இருக்கும் சங்க அலுவலகத்தில் வைத்துப் பூட்டுவதில் பயனில்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். டயாலிசிஸ் செய்துகொள்பவர், ஆக்ஸிஜன் மிஷினில் இருப்பவர், நிறைமாதக் கர்ப்பிணி, தனியாக இருக்கும் முதியவர் போன்றோரின் வீடுகள் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் பொது வரைபடத்தில் வரவே கூடாது. தனியே இருக்கும் பாட்டியின் வீட்டை ஊருக்கே அடையாளம் காட்டும் இணைப்பு, மழை நின்ற பிறகும் யாரோ ஒருவரின் போனில் இருக்கும். அவர்களிடம் சம்மதம் கேட்டு, தனி வரைபடமாக, இரண்டே பேர் பார்க்கும்படி வையுங்கள். சீசன் முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

தண்ணீர் வடிந்த வாரத்தில் சுவரில் சேற்றுக்கோடு அழிவதற்குள் ஒரு நடை நடந்து, புதிய உயரங்களை அளந்து ஏற்றுங்கள். பிறகு கோப்பைத் தரவிறக்கி, ஒரு பிரிண்டோடு வார்டு கவுன்சிலரிடமும் மண்டல அலுவலகத்திலும் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மழைநீர் வடிகால் வேலைக்கு மதிப்பீடு போடும் பொறியாளர் எந்தத் தெருவில் தொடங்குவது என்று யோசிக்கும்போது, "எங்க ஏரியாவுல ரொம்பத் தண்ணி நிக்குது சார்" என்ற மனுவோடு தேதியும் உயரமும் போட்ட ஒரு வரைபடமும் அவர் மேசையில் இருக்கட்டும்.