லேக்ஃபிரன்ட்: ஏரிக்கரையா, ஏரி முகப்பா?

சென்னை மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு உண்டு. அங்கே எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் ஏரி தெரியாது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த ஏரியை 1920-களில் தூர்க்கத் தொடங்கினார்கள். தியாகராய நகர் வந்தது. ஏரி போன பிறகும் பெயர்ப்பலகை மட்டும் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

இப்போது பெயர்ப்பலகைகளில் புதிதாக ஏறியிருக்கும் சொல் லேக்ஃபிரன்ட். கோவையில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகளில் நடைபாதையும் பூங்காவும் அமைத்தபோது இந்தச் சொல் நிறையவே அடிபட்டது. தமிழில் என்ன சொல்வது? ஏரிக்கரை என்று யாரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். முக்கால்வாசி சரிதான். மீதிக் கால்வாசியில்தான் பறவைகள் இருக்கின்றன.

முதலில் சொல்லைப் பிரித்துப் பார்க்கலாம். லேக் என்பதன் மூலம் லத்தீன் மொழியின் லாகுஸ். இயற்கை ஏரியை மட்டும் குறித்த சொல் அல்ல அது. தொட்டி, தொம்பை, திராட்சை ரசம் இறங்கும் கலம் எல்லாமே லாகுஸ்தான். ரோம நகரத் தெருக்களில் மக்கள் தண்ணீர் பிடித்த தொட்டிக்கும் அதே பெயர். ஃபிரன்ட் என்பதும் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது, முதற்பொருள் நெற்றி. பிறகு முகம், முன்பக்கம் என்று விரிந்தது. இரண்டும் ஒட்டி லேக்ஃபிரன்ட் ஆனது 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில். மிச்சிகன் ஏரி ஓரம் வளர்ந்த சிகாகோவில் அதற்கு ஒரு அரசியலே இருந்தது. 1836-இல் வரைந்த மனை வரைபடத்தில், ஏரியோர நிலம் கட்டடமோ வேறு தடையோ இல்லாமல் என்றைக்கும் பொதுவாகத் திறந்தே கிடக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். நகரத்தின் முகம் தண்ணீரைப் பார்க்கிறது, அந்த முகத்தை யாரும் மறைக்கக் கூடாது என்பது அதன் உட்பொருள்.

முகத்தை வைத்துத் தண்ணீரைப் பேசுவது தமிழுக்கும் பழக்கம்தான். துறைமுகம், கழிமுகம், முகத்துவாரம். வீட்டுக்கு முகப்பு. ஆகவே ஏரி முகப்பு என்றால் நெருடாது. டொராண்டோவைப் போன்ற ஊருக்கு இந்தச் சொல் நன்றாகவே பொருந்தும். அங்கே டான் ஆறு ஒன்டாரியோ ஏரியில் கலக்கும் இடத்தில் ஆஷ்பிரிட்ஜஸ் பே என்ற பெரிய சதுப்பு நிலம் இருந்தது. 1912-ஆம் ஆண்டுத் துறைமுகத் திட்டத்தின்படி அதைத் தூர்த்துத் தொழிற்பேட்டை ஆக்கினார்கள். ஆறோ கீட்டிங் கால்வாய்க்குள் செங்கோணமாகத் திருப்பப்பட்டுக் கிடந்தது. தண்ணீர் அப்படித் திரும்பச் சொன்னால் திரும்புமா? பெருமழை வந்தால் சுற்றுப்புறம் வெள்ளத்துக்கு அஞ்ச வேண்டியிருந்தது. கடைசியில் ஆற்றுக்கு வளைந்து நெளிந்த புது முகத்துவாரமே தோண்டினார்கள். 2024-இல் அதில் தண்ணீர் பாய்ந்தது. அதன் கரையில் 2025 ஜூலையில் பிடாசிகே பூங்கா திறக்கப்பட்டது. அனிஷினாபே பழங்குடியினரின் மொழியில் அதற்கு, நம்மை நோக்கி வீசும் சூரிய ஒளி என்று பொருள். இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்தது வேறொன்று. தோண்டிக்கொண்டிருந்தபோது, நூறு ஆண்டுகளாக மண்ணுக்கடியில் கிடந்த சதுப்புச் செடிகளின் விதைகள் வெளிச்சம் பட்டதும் முளைத்துவிட்டன. யாரும் நடவில்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம். இங்கே சிக்கல் ஃபிரன்டில் இல்லை, லேக்கில் இருக்கிறது. ஒன்டாரியோவும் மிச்சிகனும் பனியாறுகள் குடைந்த பள்ளங்கள். நம் ஏரி வெட்டியது, கட்டியது. சரிவில் ஓடும் மழைநீரைத் தாழ்ந்த பக்கத்தில் மண்கரை போட்டு மறித்தால் ஏரி. கன்னடத்தில் நீர்நிலைக்குக் கெரெ என்று பெயர். ஏரி என்றால் அதன் கரை. கெரெ ஏரி என்றே சொல்வார்கள். நாம் எதை நீர்நிலை என்கிறோமோ, அதே சொல் அங்கே மேட்டைக் குறிக்கிறது. இதை ஏறு என்ற வினையோடு முடிச்சுப் போட ஆசையாகத்தான் இருக்கிறது. தமிழில் ரகரமும் றகரமும் இடிப்பதால் அந்தப் பக்கம் போகாமல் விடுகிறேன். எப்படியானாலும், கரை இல்லாமல் ஏரி இல்லை என்பது தெளிவு.

ஆனால் கரை ஏரியைச் சுற்றி வளையம்போல் இருப்பதில்லை. தாழ்ந்த பக்கத்தில்தான் கரை, மதகு, மிகுதி நீர் வழியும் கலிங்கு எல்லாம். எதிர்ப்பக்கம் திறந்து கிடக்கும். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வந்து சேர்வது அங்கேதான். மழைக்காலத்தில் தண்ணீர் பரவி, கோடையில் பின்வாங்கிச் சேறாகும் அந்த உட்புறத்துக்கு உள்வாய் என்று ஒரு அருமையான சொல் இருக்கிறது. கல்வெட்டுகளிலும் வரும். கோரையும் சம்பும் வளர்வது உள்வாயில். உள்ளான் சேற்றைக் குத்துவதும், தாழைக்கோழி புதரில் கூடு வைப்பதும், நத்தைகுத்தி நாரை மெதுவாக நடப்பதும் அங்கேதான். முழங்கால் ஆழமும் அதற்குக் குறைவுமான தண்ணீர் அவற்றுக்குச் சோற்றுத்தட்டு.

உள்வாய் வருடத்தில் பாதி நாள் காய்ந்து கிடப்பதால் வெற்று நிலம்போலத் தெரியும். ஆக்கிரமிப்பு அங்கேதான் முதலில் வரும். சீரமைப்பு என்ற பெயரில் சுற்றிலும் வட்டமாகக் கரை எழுப்பிக் கல் பதித்தாலும் கதை அதுதான்; ஏரி தொட்டியாகிவிடும். லத்தீன்காரன் சொன்ன லாகுஸ் அதுவாகவும் இருக்கலாம், ஆனால் தொட்டியில் உள்ளானுக்கு என்ன வேலை? முக்குளிப்பான் சமாளிக்கும். நீரோரத்தில் நடந்து இரை தேடும் பறவைகளுக்கு இடமே இல்லை.

அதனால் என் கட்சி இது: இயற்கை ஏரியை ஒட்டிய நகரங்களைப் பற்றி எழுதும்போது ஏரி முகப்பு. நம் ஏரி குளங்களுக்கு ஒரே சொல் போதாது. நடைபாதை போடும் இடம் ஏரிக்கரை, தண்ணீர் பரவும் இடம் உள்வாய். திட்ட அறிக்கையில் இந்த இரண்டையும் தனித்தனியாக எழுதினாலே, உள்வாய்க்கு என்ன செய்தீர்கள் என்று கேட்க ஒரு பிடி கிடைக்கும். லேக்ஃபிரன்ட் என்று மொத்தமாக எழுதினால் அந்தக் கேள்வி எழாது.

கூடவே வரும் சொற்களில் பூங்காவைப் பற்றி ஒரு வார்த்தை. பூ, கா இரண்டும் சேர்ந்தது அது. கா என்றால் சோலை. புல்தரையும் சிமென்ட் யானையும் அதில் பிற்காலத்தில் நுழைந்தவை. ஹேபிடாட்டுக்கு வாழிடம் என்ற சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டது, மாற்றத் தேவையில்லை. அழகுபடுத்தல், சீரமைப்பு, மீட்பு மூன்றையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடுவதுதான் எரிச்சல். நீரூற்று விளக்குக்கு அழகுபடுத்தல் என்றே பெயர் வைக்கலாம்.

அப்புறம் தாங்கல். தண்ணீரைத் தாங்கி வைக்கும் சிறு ஏரி. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்று சென்னையைச் சுற்றி ஊர்ப்பெயர்களில் நிறைய உண்டு. வேடந்தாங்கலும் அதில் ஒன்றுதான், ஒரு சாதாரணப் பாசன ஏரி. பறவைகளைச் சுட வந்தவர்களைத் தடுக்கச் சொல்லி 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஊர்மக்கள் கலெக்டர் லயனல் பிளேசிடம் போய் ஆணை வாங்கினார்கள். எச்சம் கரைந்த தண்ணீர் தங்கள் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். இன்றைக்கும் அங்கே போகிறவர்கள் கரைமேல் நடக்கிறார்கள். நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டிய நாரைகள் உள்வாயில் இருக்கின்றன.