பானிபட்டில் பாபரைக் காத்த 700 வண்டிகள்

‘பாபரிடம் பீரங்கி இருந்தது, டெல்லி சுல்தான் இப்ராகிம் லோதியிடம் இல்லை, அதனால்தான் முகலாயர் ஆட்சி வந்தது என்று படித்தோமே, சரியா?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பாதி சரி. மீதியைப் புரிந்துகொள்ள நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அந்தக் காலத்துத் திரித்துப்பாக்கியில் குழலுக்குள் வெடிமருந்தைக் கொட்டி, ஈயக்குண்டைப் போட்டுக் கோலால் கெட்டித்து, பக்கத்துக் கிண்ணியில் பொடிமருந்து வைத்து, கனலும் திரியை ஊதிவிட்டுத்தான் சுட முடியும். கைதேர்ந்தவருக்கே அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் பிடிக்கும். நாலுகால் பாய்ச்சலில் வரும் குதிரை நூறு மீட்டரைப் பத்துப் பன்னிரண்டு நொடியில் கடந்துவிடும். முதல் குண்டு தவறினால் இரண்டாவதற்கு வழியே இல்லை. பெரிய பீரங்கி இன்னும் மெதுவு. 1528இல் கங்கையில் பாலம் கட்டியபோது பாபரின் பீரங்கி வல்லுநர் உஸ்தாத் அலி குலி முதல் நாள் முழுக்கச் சுட்டது 8 தடவை, மறுநாள் 16.

ஆக, குதிரையை நிறுத்தி வைக்க ஏதாவது வேண்டும். 1526 ஏப்ரல் 21 அன்று பானிபட்டில் அதற்குத்தான் 700 வண்டிகள். சால்டிரான் போரில் 1514இல் உஸ்மானியத் துருக்கியர் கையாண்ட முறை இது. முறுக்கிய பச்சைத்தோல் கயிற்றால் வண்டிகளைப் பிணைத்தார்கள். பச்சைத்தோல் காயக் காயச் சுருங்கி முடிச்சை இறுக்கும். இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஐந்தாறு மறைப்புத் தட்டிகள், அவற்றின் பின்னால் துப்பாக்கிக்காரர்கள். வலப்பக்கம் பானிபட் ஊர், இடப்பக்கம் அகழியும் வெட்டிப்போட்ட மரக்கிளைகளும். அம்பு பாயும் தூரத்துக்கு ஓரிடமாக, நூறு நூற்றைம்பது குதிரைகள் வெளியே பாய இடைவெளிகள்.

வேகமாக வந்த லோதி படையின் முன்வரிசை இதைப் பார்த்துத் தயங்கியது. பின்வரிசைக்கு முன்னால் நடப்பது தெரியாது. அது நெருக்கிக்கொண்டே வந்தது. அந்த நேரம் பார்த்து பாபரின் இரு ஓரங்களிலும் நின்ற குதிரைப்படை சுற்றிப்போய் முதுகில் அம்பு தொடுத்தது. இதற்குத் துலுக்மா என்று பெயர்.

இதில் ஒளிந்திருக்கும் வடிவியல்தான் அற்புதம். நூறுக்கு நூறாக நெருங்கி நிற்கும் 10,000 பேரில் விளிம்பில் நிற்பவர் 396 பேர். ஆயுதம் வீச அவர்களால்தான் முடியும். கூட்டம் நான்கு மடங்காகி 40,000 ஆனாலும் விளிம்பு 796தான். நூற்றுக்கு நான்கு பேர் சண்டையிட்டது போய், இரண்டு பேர் ஆகிவிட்டது. உள்ளே மாட்டியவருக்குத் திரும்பக்கூட இடமில்லை. ஒரு லட்சம் பேர், ஆயிரம் யானை என்று லோதி படையைப் பாபர் கணக்கிடுகிறார். மிகையாகவே இருக்கட்டும், நெரிசலில் அந்தப் பெருக்கமே லோதிக்கு எதிராகத் திரும்பியது. வெயில் ஏறும்போது தொடங்கிய போர் நண்பகலில் முடிந்தது.

ஆனால் எதிரி தானாக வந்து மோதினால்தான் இந்த ஏற்பாடு பலிக்கும். லோதி ஒரு வாரம் அசையவில்லை. பாபர் அனுப்பிய நாலைந்தாயிரம் பேரின் இரவுத் தாக்குதல் சொதப்பியது. அந்தத் தெம்பில்தான் லோதி படை வெளியே வந்தது.

அடுத்த பெரிய போரில், ஆக்ராவுக்கு அருகே கான்வாவில், 1527 மார்ச் 17 அன்று, மேவார் அரசர் ராணா சங்கா பாபர் படையின் ஓரங்களையே தாக்கினார். போர் மாலைவரை இழுத்தது. இம்முறை வண்டிகளை இரும்புச் சங்கிலி பிணைத்தது. வண்டி போதாத இடங்களுக்குச் சக்கரம் வைத்த முக்காலிகள். இவற்றைச் செய்து முடிக்கவே 20, 25 நாளானது. சக்கரம் இருந்ததால் கடைசிக் கட்டத்தில் நடுவரிசை தடுப்போடும் பீரங்கியோடும் முன்னேற முடிந்தது. என் கணிப்பில் இதுதான் பெரிய வெற்றி: பானிபட் டெல்லியைத் தந்தது, கான்வா அதைத் தக்கவைத்தது. செவ்வாய் மேற்கில் நிற்கிறது, இந்தப் பக்கமிருந்து போனால் தோல்விதான் என்று சோதிடர் முகமது ஷரீப் படையையே கலங்கடித்திருந்தார். பாபர் அதைக் காதில் வாங்காமல் தடுப்பு வேலையைக் கவனித்தார். வென்ற பிறகு ஒரு லட்சம் கொடுத்து அவரை நாட்டைவிட்டே அனுப்பினார். கிரகத்துக்கும் குண்டுக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பீரங்கியும் சும்மா வந்துவிடவில்லை. 1526 அக்டோபரில் ஆக்ராவில் எட்டு உலைகளிலிருந்து ஒரே அச்சுக்கு உலோகக் குழம்பைப் பாய்ச்சினார்கள். அச்சு நிறையும் முன்பே குழம்பு நின்றுவிட்டது. உலோகக் குழம்பிலேயே விழுந்துவிடத் துடித்தார் உஸ்தாத். ஆறியபின் திறந்தால் கல்குண்டு வைக்கும் குழல் பழுதில்லாமல் இருந்தது. மருந்தறையைத் தனியாக வார்த்துக்கொண்டார்கள். எல்லா வார்ப்பும் இப்படித் தப்புவதில்லை. உள்ளே காற்றுக்குமிழி தங்கினாலோ, பாதியில் குழம்பு ஆறினாலோ, அந்த இடத்தில் உலோகம் ஒட்டாது. மருந்தின் அழுத்தம் அங்கேதான் பிளக்கும். கங்கைக் கரையில் 16 தடவை சுட்டது, சங்காவோடு நடந்த போரில் முழங்கிப் பெயர் வாங்கிய ‘காஜி’. அதைவிடப் பெரிய இன்னொன்று அதே கரையில் முதல் சூட்டிலேயே வெடித்துச் சிதறியது.