முத்திரை உண்மைதான், ஊர்தான் வேறு

சென்ற குறுவையின்போது மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து புகார் மேல் புகார்: கைபேசியில் பேச்சு பாதியில் அறுந்துபோகிறது. கோபுரத்தில் பழுது எதுவும் இல்லை. கைபேசிகள் அனுப்புவதைக் கோபுரம் வாங்கிக்கொள்ளும் அலைவரிசையில்தான் இரைச்சல். அளவிடும் கருவியையும் திசையறியும் ஆன்டெனாவையும் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்தேன். இதுதான் என் பிழைப்பு.

திரையில் மூன்று விநாடிக்கு ஒருமுறை ஒரு கூர்முனை எழுந்து அடங்கியது. ஆன்டெனாவைத் திருப்பத் திருப்ப, அது ஒரு மோட்டார் கொட்டகையைக் காட்டியது. கூரைக்கு மேல் இரும்புக் குழாயில் கருப்புக் கம்பி. உள்ளே ஸ்டார்ட்டர் பக்கத்தில் வெள்ளைப் பெட்டி. வீட்டிலிருந்தபடியே மோட்டாரைப் போட, இணையத்தில் வாங்கியது.

பெரியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தால், பாம்புக்குப் பயந்துகொண்டே வரப்பில் போக வேண்டியவர் அவர்தான். “எல்லா முத்திரையும் இருக்கிறதே, தம்பி” என்று அட்டைப்பெட்டியை எடுத்துவந்து காட்டினார். இருந்தது. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் சான்று எண்ணை அந்த அரசின் தளத்தில் தேடினேன். சோதனை அறிக்கை, உட்புறப் படங்கள் எல்லாம் வந்தன. போலி இல்லை.

சிக்கலே அங்குதான். அமெரிக்காவில் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை இத்தகைய கருவிகளுக்கு உரிமம் வேண்டாம். 1 வாட் வரை அனுப்பலாம். நம் நாட்டில் 890 முதல் 915 வரை, கைபேசி கோபுரத்தோடு பேசும் இடம். 4ஜி கைபேசி அதிகபட்சம் 0.2 வாட்டில் முனகும்போது, பக்கத்துக் கொட்டகையில் ஒரு பெட்டி கூவிக்கொண்டிருந்தால் கோபுரத்துக்கு எது கேட்கும்? இங்கே இந்த அலைவரிசைப் பக்கத்தில் இத்தகைய கருவிகளுக்கு ஒதுக்கியது 865 முதல் 868 வரைதான்.

அங்கே சான்று தருவது, எஃப்சிசி ஏற்றுக்கொண்ட தனி அமைப்பு. விற்பவரும் இல்லை, வாங்குபவரும் இல்லை, மூன்றாமவர். அவர் தன் வேலையை ஒழுங்காகவே செய்திருக்கிறார். ஆனால் அவர் பார்த்தது தன் நாட்டு விதியை. பக்கத்திலிருந்த சிஇ என்ற ஐரோப்பிய முத்திரையின் கதை வேறு: ஐரோப்பா முழுவதற்கும் பொதுவான ஒத்திசைவுத் தரங்களை முழுமையாகப் பின்பற்றினால் தயாரிப்பாளரே அறிவித்து ஒட்டிக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பதுதான் கடைக்காரர்களின் வழக்கம்.

இந்தியாவில் ரேடியோ கருவிக்கு மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் அலைவரிசைப் பிரிவான டபிள்யூபிசி தரும் ஈடிஏ என்ற கருவி ஒப்புதல் எண் வேண்டும். உரிமம் தேவைப்படாத வகைகளுக்கு இங்கும் சுய அறிவிப்புதான் வழி. ஆனாலும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சோதனை அறிக்கை அதற்கு அடிப்படையாக இருக்க வேண்டும். எண் அந்த மாடலுக்கு மட்டுமே. ‘அதே மாதிரிதான் சார்’ என்று வேறு மாடலின் சான்றைக் காட்டுபவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். தொலைபேசி வலையமைப்பில் இணையும் கருவிகள் பலவற்றுக்கு அதே துறையின் தொழில்நுட்ப மையமான டிஇசியின் கட்டாயச் சான்று தனி. அதற்கு அந்த அமைப்பு ஏற்ற ஆய்வகத்தில் சோதித்தாக வேண்டும்.

பெரியவர் பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தினார். திரையில் கூர்முனை காணாமல் போனது. 865இல் இயங்கும் மாடலைப் பார்க்கச் சொல்லி, ஈடிஏ எண்ணைக் கேட்டு வாங்குங்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அவரிடமிருந்து அழைப்பு.

“தம்பி, நம்பர் கேட்டால் விலைப்பட்டியல் அனுப்புகிறான்.”