காய்ச்சல் விட்ட பிறகுதான் டெங்குவைக் கவனிக்க வேண்டும்

மழை தொடங்கிவிட்டால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் டெங்கு பயமும் தொடங்கிவிடும். வீட்டில் எல்லோரும் தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சூடு இறங்கியதும், "விட்டுருச்சு ஆச்சி, இனிப் பயமில்லை" என்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். நான் பயப்படுவதே அந்த நேரத்துக்குத்தான்.

காய்ச்சலைக் கிருமி நேரடியாக உண்டாக்குவதில்லை. வைரஸ் புகுந்த செல், இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியே விட்டுப் பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்தும். அவை உடனே வைரஸ் பெருக முடியாதபடி தங்களைத் தயார்செய்துகொள்ளும். 1957இல் ஐசக்ஸ், லிண்டன்மான் என்ற விஞ்ஞானிகள் கண்டறிந்தது இதைத்தான். இப்படிச் செல்லுக்குச் செல் தகவல் சொல்லும் புரதங்களைச் சைட்டோகைன்கள் என்கிறோம். அவற்றில் இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப் போன்றவை மூளையின் ஹைபோதலாமஸைத் தூண்டி உடம்புச் சூட்டை ஏற்றுகின்றன. அளவோடு இருக்கும்வரை இதெல்லாம் நமக்குப் பாதுகாப்பு.

டெங்குவில் சிலருக்கு இந்த அளவு மீறிப் போகிறது. சைட்டோகைன்களும் வைரஸின் என்எஸ்1 புரதமும் சேர்ந்து நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தளர்த்திவிட, இரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் கசியும், இரத்தம் கெட்டியாகும், அழுத்தம் விழும். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும்போது தொடங்கி 24 முதல் 48 மணி நேரம் இது நடக்கும். டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. முன்பு ஒரு வகை வந்தவருக்கு இன்னொரு வகை வந்தால் ஆபத்து கூடுதல், ஏனென்றால் பழைய எதிர்ப்புப் புரதங்களே வைரஸைச் செல்லுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம்.

எல்லோரும் பிளேட்லெட் எத்தனை என்றுதான் கேட்கிறார்கள். சரி, அதுவும் வேண்டும்தான், ஆனால் ஹெமட்டோகிரிட், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, ஏறுகிறதா என்று கேளுங்கள், கசிவை முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். காய்ச்சல் விட்ட பிறகு விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கை கால் சில்லிடுவது, பிள்ளை துவண்டு கிடப்பது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, இவற்றில் ஒன்று இருந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். நிலவேம்புக் குடிநீர் கொடுத்திருந்தாலும் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் மருத்துவர் சொன்ன அளவில். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் மூன்றும் இரத்தக்கசிவைக் கூட்டும். "ஒரே ஊசியில் நிற்கணும்" என்று கேட்டு ஸ்டீராய்டு போட்டுக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். கோவிட்டில் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உயிர் காத்தது உண்மை, டெங்குவில் ஸ்டீராய்டால் அப்படிப் பலன் நிரூபிக்கப்படவில்லை. இங்கே தேவை சரியான அளவில் நீர்ச்சத்து.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்களின் பூட்டிய வீடுகளில், திறந்த முற்றத்தில் கிடக்கும் அண்டாவிலும் தொட்டியிலும் மழைநீர் தேங்கி, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. சாவி வைத்திருப்பவர் வாரம் ஒருமுறை திறந்து தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்பக்கத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்த பாத்திரத்திலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து அடுத்த மழையில் பொரியும்.